மார்ஃபினும் மலச்சிக்கலும்: வீட்டுக்கு வர்ற பாலியேட்டிவ் டீமுக்கு என் ரிவ்யூ, 5-க்கு 4

முதல்லயே சொல்லிடுறேன், இது பிரியாணி கடை ரிவ்யூ மாதிரி இருக்காது, பாதிக்கு மேல கக்கூஸ் கதைதான், சாப்பிட்டுக்கிட்டே போன் நோண்டுறவங்க கைய கழுவிட்டு அப்புறமா வாங்க. பாலியேட்டிவ்னா நோய குணமாக்கறது இல்ல, வலியையும் மத்த தொல்லையையும் கொறைக்கற வைத்தியம். திருநெல்வேலி பக்கத்துல ஒரு சின்ன டிரஸ்ட், கேன்சர் நோயாளிங்க வீட்டுக்கே ஒரு நர்சும் ஒரு டிரைவரும் வாராவாரம் வருவாங்க, மாசத்துல ரெண்டு தடவ டாக்டரும் கூட வருவாரு. பேரு போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டவும் போறேன், நல்லது செய்றவங்க பேர போட்டு திட்ட மனசு வரல.

எங்கப்பாவுக்கு 71 வயசு. புராஸ்டேட் கேன்சர், இடுப்பெலும்புக்கும் அடிமுதுகுக்கும் பரவிடுச்சு. கரண்டு (ரேடியேஷன்) வச்சாச்சு, அதுல கொஞ்சம் தேவலைன்னு இருந்துச்சு, அப்புறம் மறுபடி வலி. டிரமடால்ங்கற வலி மாத்திரை கேக்காம போனதும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அதவிட வீரியமான மார்ஃபின் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, அந்த ஆஸ்பத்திரி பேரும் வேணாம். வலிக்கு நல்லாவே கேட்டுச்சு, அதுல குறையே சொல்ல மாட்டேன், மூணு மாசமா உக்காந்துக்கிட்டே தூங்குன மனுஷன் ரெண்டாவது நாளே கால நீட்டி படுத்தாரு. ஆனா சீட்டுல இருந்தது மார்ஃபினும் ஒரு கேஸ் மாத்திரையும் மட்டும்தான். வயிறு கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லல, பேதி மாத்திரை எழுதல, எங்களுக்கும் கேக்கத் தெரியல.

அஞ்சாவது நாள் அப்பா சாப்பாடு வேணாம்னாரு. ஏழாவது நாள் வயிறு தொட்டா பலகை மாதிரி இருந்துச்சு. ஒன்பதாவது நாள் தண்ணியா போக ஆரம்பிச்சுது, கொஞ்சம் கொஞ்சமா, அவருக்கே தெரியாம வேட்டியில. நான் என்ன நெனச்சேன்னா சரி வயிறு தொறந்துடுச்சு, இப்ப பேதியாகுதுன்னு, ஓடிப்போய் மெடிக்கல்ல பேதி நிக்கிற மாத்திரை வாங்கி குடுத்தேன். இந்த ஒரு விஷயத்துக்காகவே இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அது பேதியே இல்ல. உள்ள கல்லு மாதிரி அடைச்சிக்கிட்டு இருக்கறதுக்கு பக்கவாட்டுல தண்ணி மட்டும் கசிஞ்சு வருது, அவ்வளவுதான். அதவிட கொடுமை, நான் குடுத்த லோபரமைடு மாத்திரை இருக்கே, அதுவும் மார்ஃபின் குடும்பம்தானாம், மூளைக்கு ஏறாம குடல்ல மட்டும் வேலை செய்யற ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து. கட்டின வயித்த இன்னொரு கயிறு போட்டு இறுக்கியிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி தலகாணி உறைய மாத்தும்போது உள்ள இருந்து ஆறு மார்ஃபின் மாத்திரை விழுந்துச்சு. முழுங்குற மாதிரி முழுங்கி ஒளிச்சு வச்சிருக்காரு. கேட்டதுக்கு, "ஏட்டி, வலியக்கூட தாங்கிருவேன், இத தாங்க முடியலட்டி"ன்னாரு. எலும்பு வலிய வேணும்னே வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் சொல்றாருன்னா அந்த மலச்சிக்கல் எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கங்க.

மெடிக்கல் கடை அண்ணன்தான் இந்த டிரஸ்ட் நம்பர் குடுத்தாரு. காலைல போன் பண்ணேன், மறுநாள் 11 மணிக்கு வந்துட்டாங்க. நர்ஸ் அக்காவுக்கு அம்பது வயசு இருக்கும், வந்ததும் பிபி மிஷின எடுக்கல, அப்பா பக்கத்துல கட்டில்லயே உக்காந்து "அப்பா, கடைசியா வயிறு நெறஞ்சு வெளிக்கு போனது என்னைக்கு"ன்னாங்க. பத்து நாள்ல யாருமே கேக்காத கேள்வி. அப்புறம் கால அசைக்கச் சொன்னாங்க, பாதம் மரத்துப் போகுதா, ஒண்ணுக்கு வர்றது தெரியுதா, கட்டுப்படுத்த முடியுதான்னு கேட்டாங்க. முதுகெலும்புல பரவுனவங்களுக்கு நரம்பு அழுந்துனாலும் ரெண்டுக்கும் ஒண்ணுக்கும் பிரச்சனை வருமாம், எல்லாத்தையும் மாத்திரை தலையில போட்டுட்டு விட்டுட்டா கால் போயிடும்னாங்க. அது இல்லன்னு தெரிஞ்சதும் என்னை வெளிய போகச் சொல்லிட்டு கையுறை போட்டு பாத்தாங்க, எனிமா குடுத்தாங்க, விரலால எடுக்க வேண்டியதையும் அவங்களே எடுத்தாங்க. முக்கால் மணி நேரம். நான் அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன். வெளிய வந்து கை கழுவிட்டு "கட்டங்காபி இருந்தா ஒரு டம்ளர் குடும்மா"ன்னாங்க. அப்பா உள்ள நல்லா தூங்கிக்கிட்டு இருந்தாரு.

அன்னைக்கு அவங்க சொன்னதுல எனக்கு விளங்குனது இதுதான். மார்ஃபின் வலி நரம்ப அமத்தற மாதிரியே குடலோட அசைவையும் அமத்திடும். குடல் நகராததால உள்ள இருக்கிறது அங்கயே கெடந்து தண்ணிய எல்லாம் உறிஞ்சக் குடுத்துட்டு காஞ்சு போயிடும். மத்த சைடு எஃபெக்ட் பலதுக்கு உடம்பு நாளாக நாளாக பழகிடும், இது ஒண்ணுக்கு மட்டும் பழகவே பழகாது, மார்ஃபின் ஓடுற வரைக்கும் பேதி மாத்திரையும் தெனமும் ஓடணும், நேத்து நல்லா போச்சேன்னு இன்னைக்கு நிறுத்தக் கூடாது, மார்ஃபின் டோஸ் ஏத்துனா இதையும் சேத்து பாக்கணும்.

இதுல சொந்தக்காரங்க வைத்தியம் தனி. அத்தை ஒரு சீப்பு நாட்டுப்பழம், சித்தப்பா இசப்கோல் டப்பா, எதிர்த்த வீட்டுல ஊற வச்ச அத்திப்பழம். நர்ஸ் அக்கா பழத்த தின்னுங்கன்னுட்டாங்க, இசப்கோல மட்டும் எடுத்து அலமாரி மேல வச்சிட்டாங்க. அது தண்ணிய குடிச்சு ஊதுற சமாச்சாரம், இவரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணி குடிக்கவே அழுவாரு, ரயில்வே கேட்டு மூடிக் கெடக்கும்போது பின்னால லாரி மேல லாரியா அனுப்புனா என்ன ஆகும்னாங்க. சித்தப்பாவுக்கு கோவம். இப்பவும் அந்த டப்பா எங்க வீட்டு அலமாரியில சீல் பிரிக்காம இருக்கு.

மொதல்ல குடுத்தது பிசகோடில்ங்கற பேதி மாத்திரை. நான் புத்திசாலித்தனமா ராத்திரி பாலோட குடுத்தேன், வயித்த முறுக்கி எடுத்துடுச்சு அவருக்கு. அந்த மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கும், குடலுக்கு போய்தான் கரையணும், பாலு குடிச்சா வயித்துலயே கரைஞ்சு வலிக்குமாம், கேஸ் மருந்தோடயும் சேத்து போடக்கூடாது. போன்ல ஒரு திட்டு வாங்கினேன். அதுக்கப்புறம் சென்னா மாத்திரைக்கு மாத்துனாங்க, கூட லாக்டுலோஸ் சிரப். ஒண்ணு குடல தட்டி எழுப்பும், இன்னொண்ணு உள்ள தண்ணிய இழுத்து இளக்கும். சிரப் சுத்த சர்க்கரைப்பாகு, கேஸ் வேற, அப்பாவுக்கு புடிக்கவே இல்ல.

சென்னா கதை மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன். அப்பா எந்த புது மாத்திரைய பாத்தாலும் இதுவும் எதையாவது கட்டப்போகுதுன்னு மூஞ்சிய திருப்பிக்குவாரு. அக்கா சாதாரணமா, "அப்பா, இது உங்க ஊரு நிலாவாரை இலைதான்"ன்னாங்க. அவ்வளவுதான், மனுஷன் எழுந்து உக்காந்துட்டாரு. அவரு பொறந்தது சாத்தான்குளம் பக்கம், சின்ன வயசுல லீவுக்கு கூலிக்கு நிலாவாரை பறிக்கப் போயிருக்காரு, நிலவாகைன்னும் சொல்வாங்க, சித்த வைத்தியத்துல சூரணம் கூட உண்டு. தூத்துக்குடி வழியா கப்பல்ல போற சரக்கு, வெளிநாட்டு மருந்து புஸ்தகத்துலயே அதுக்கு நம்ம ஊரு பேருதான், டின்னவெல்லி சென்னான்னு. வெயில்ல இலைய எப்படி உருவணும், காய எப்ப எடுக்கணும், காயப் போட்ட இலை மஞ்சளாயிட்டா வியாபாரி எப்படி விலைய அடிப்பான்னு ஒரு மணி நேரம் பேசினாரு. மாத்திரைய கையில வச்சி திருப்பி திருப்பி பாத்துட்டு, "மூட்டைய கட்டி அனுப்புனது இப்ப அட்டையில திரும்பி வந்திருக்கு பாருட்டி"ன்னு வாயில போட்டுக்கிட்டாரு. அன்னையில இருந்து இதுக்கு சண்டையே இல்ல.

இந்த சர்வீஸ்ல எனக்கு ரொம்ப புடிச்சது மருந்து கூட இல்ல, ஒரு நாப்பது பக்க நோட்டு. அக்காவே கோடு போட்டு குடுத்தாங்க. நேரம், மாத்திரை, வலிக்கு 10-க்கு எத்தனை, வெளிக்கு போனாரா, எப்படி போச்சு, தூக்கம். மார்ஃபின் காலைல 6, 10, மத்தியானம் 2, சாயந்தரம் 6, ராத்திரி 10, அந்த 10 மணிக்கு மட்டும் ரெண்டு பங்கு, ஏன்னா சாதா மாத்திரை நாலு மணி நேரம்தான் நிக்கும், ரெண்டு மணிக்கு எழுப்பாம இருக்க இந்த ஏற்பாடு. வலி வந்தா பாத்துக்கலாம்னு காத்திருக்கக் கூடாது, மணி பாத்து குடுக்கணும். நடுவுல தாங்க முடியலன்னா ஒரு எக்ஸ்ட்ரா டோஸ், அத சிவப்புல எழுதணும். வெளிக்கு போனாராங்கற கட்டத்துல மூணு நாள் தொடர்ந்து இல்லன்னு வந்தா நாலாவது நாளுக்கு காத்திருக்காம போன் அடிக்கணும். இதையெல்லாம் 12 மணி நேர மாத்திரை வாங்கறவங்க வேற மாதிரி பாக்கணும், அத உடைக்கவோ பொடிக்கவோ கூடவே கூடாது, மொத்தமும் ஒரே நேரத்துல உள்ள இறங்கிடும்.

காலைல காபி குடிச்சு அர மணி நேரத்துல கொண்டுபோய் உக்கார வைக்கணும், அந்த நேரத்துலதான் குடல் தானா கொஞ்சம் அசையும்னாங்க. வெஸ்டர்ன் கக்கூஸ்ல கால் தொங்கிட்டு இருந்தா முக்க வராது, காலுக்கு அடியில ஒரு முக்காலி. எங்க வீட்டுல அம்மாவோட பழைய அருவாமணை பலகை இருந்துச்சு, அதுதான் இப்ப அங்க கெடக்கு.

முதல் வாரத்து குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு குடுத்தாங்க, சாப்பாட்டுக்கு அர மணி முன்ன, பத்து நாள்ல அது தேவைப்படாம போச்சு. வாய் வறட்சிக்கு ஐஸ் சீவலும் சீசனுக்கு நொங்கும். அரிப்பு ரெண்டு நாள் இருந்துச்சு, தானா போயிடுச்சு.

தூக்கம்தான் வீட்டுல பிரளயம் பண்ணுச்சு. மாத்திரைய ஒழுங்கா குடுக்க ஆரம்பிச்ச மூணு நாள் அப்பா தூங்கினாரு தூங்கினாரு அப்படி தூங்கினாரு. சித்தப்பா வாசல்ல நின்னு "அண்ணன மயக்கத்துலயே வச்சி அனுப்பிச்சிரலாம்னு பாக்கியளா"ன்னு சத்தம். அக்கா அவரையும் உக்கார வச்சி ஒரு வேலை குடுத்தாங்க பாருங்க, அதுதான் கெட்டிக்காரத்தனம், கடிகாரத்த கையில குடுத்து அண்ணன் நெஞ்சு ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவ ஏறி எறங்குதுன்னு எண்ணச் சொன்னாங்க. 14 வந்துச்சு. கூப்பிட்டா கண்ண தொறக்குறாரா, பேசுறாரா, அப்ப இது மாசக்கணக்கா பாக்கி இருந்த தூக்கம். மூச்சு 8-க்கு கீழ போயி, உலுக்கியும் எழலன்னாதான் ஆபத்து, அடுத்த டோஸ் குடுக்காம உடனே 108-க்கும் எங்களுக்கும் போன் பண்ணுங்கன்னு நோட்டு அட்டையில பெருசா எழுதிட்டு போனாங்க. நாலாவது நாள் அப்பா எழுந்து பேப்பர் கேட்டாரு. சித்தப்பா மட்டும் ஒரு மாசத்துக்கு வர்றப்பல்லாம் எண்ணிக்கிட்டு இருந்தாரு.

அடிமையாயிடுவாரான்னு நானும் கேட்டேன். வலிக்குன்னு அளவா சாப்பிடறவங்களுக்கு உடம்பு பழகும், அதனால திடீர்னு நிறுத்தக் கூடாது, நிறுத்துனா மூக்கு ஒழுகும், வேர்க்கும், கொட்டாவி கொட்டாவியா வரும், வயித்தால போகும், கொறைக்கணும்னா படிப்படியா கொறைக்கணும், அது வேற, போதைக்கு அலையறது வேறன்னாங்க.

மார்ஃபின் மாத்திரை ஏன் சாதா மெடிக்கல்ல கிடைக்கலன்னு நெறைய பேரு கேக்கறாங்க. 1985-ல வந்த என்டிபிஎஸ்ங்கற போதை மருந்து கட்டுப்பாட்டு சட்டத்துல லைசென்ஸ் மேல லைசென்ஸ் கேட்டதால கடைக்காரங்க, ஆஸ்பத்திரிங்க எல்லாம் நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டாங்க. 2014-ல சட்டத்த திருத்தி, அங்கீகாரம் வாங்குன மருத்துவ நிலையம் ஒரே அனுமதியில வச்சி குடுக்கலாம்னு ஆக்குனாங்க. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல சட்டப்படி அபின் பயிரிட்டு காஸிப்பூர்லயும் நீமச்லயும் அரசாங்க ஃபேக்டரியே வச்சிருக்கற நாடு இது, ஆனா நம்ம தெருவுல இருக்குற ஆளுக்கு ஒரு அட்டை வாங்க ஐம்பது கிலோமீட்டர் போகணும். இந்த விஷயத்துல கேரளாக்காரங்க முன்னாடியே முழிச்சிக்கிட்டாங்க, கோழிக்கோட்டுல 1993-லயே இந்த பாலியேட்டிவ் சேவை ஆரம்பிச்சது, எங்க நர்ஸ் அக்காவும் கேரளாவுல போய்தான் இந்த பயிற்சி எடுத்தாங்களாம். நம்ம ஊருல 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயும் வீட்டுக்கு வந்து பாக்கற பாலியேட்டிவ் நர்ஸ் உண்டு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு வைங்க.

இப்ப குறை. ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, ராத்திரி 9 மணிக்கு மேல போன் எடுக்க ஆளில்ல. வலி என்ன ஆபீஸ் டைமா பாத்துட்டு வரும்? ஞாயித்துக்கெழமையும் இல்ல. மாத்திரைய வீட்டுக்கு கொண்டு வர மாட்டாங்க, நாமதான் அடையாள அட்டையும் பழைய மாத்திரை அட்டையும் எடுத்துட்டு சென்டருக்கு போகணும், தனியா பாத்துக்கறவங்களுக்கு அரை நாள் போயிடும். அப்புறம் ஒரு தடவ அக்கா லீவு, புதுசா ஒரு வாலண்டியர் தம்பி வந்தாப்ல, திண்ணையில நின்னுக்கிட்டே தெரு முழுக்க கேக்கற மாதிரி "ஐயா எத்தன நாளா மோஷன் போகல"ன்னாப்ல. எதிர் வீட்டு மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தவங்க கையில கிளிப்போட அப்படியே நின்னுட்டாங்க. அப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. தம்பி நல்ல பையன்தான், ஆனா இதுக்கு ஒரு பயிற்சி வேணும் சார்.

நாலாவது மாசம் நடந்தத சொல்லிடுறேன். அப்பாவுக்கு காய்ச்சல், ரெண்டு நாளா தண்ணி கூட சரியா எறங்கல. மூணாவது நாள் தூக்கத்துல கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. சாயந்தரம் பாத்தா படுத்துக்கிட்டே ரெண்டு கையாலயும் காத்துல எதையோ உருவுறாரு, உருவி மடியில போடறாரு. "அப்பா என்ன பண்றீங்க"ன்னா, "நிலாவாரை பறிக்கேன், வெயில் ஏறிரும்ல"ங்கறாரு. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. நல்லவேளை மணி ஆறரை, போன் எடுத்தாங்க. அக்கா கேட்ட முதல் கேள்வி ஒண்ணுக்கு எத்தன தடவ போனாருன்னு, ராத்திரி டோஸ நிறுத்தி வைக்கச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் கிரியாட்டினின் பாக்கச் சொன்னாங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட். ஏறித்தான் இருந்துச்சு. மார்ஃபின் ஈரல்ல உடைஞ்சதும் அந்த கழிவு கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், கிட்னி சோம்புனா அது உள்ளயே சேந்து இப்படி கைகால வெட்டும், இல்லாதத காட்டும். கேன்சர் மூளைக்கு ஏறிடுச்சுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். குளுக்கோஸ் ஏத்தி, டோஸ கொறச்சு, மூணு நாள்ல தெளிஞ்சிட்டாரு.

அதுக்கப்புறம் டிரஸ்ட் டாக்டர் ஃபென்டனில் பேட்சுக்கு மாத்தினாரு, அதுவும் ஓபியாய்டுதான், தோல்ல ஒட்டுறது, கிட்னிக்கு அது கொஞ்சம் தோதுப்படும், மலச்சிக்கலும் மார்ஃபின் அளவுக்கு இருக்காது, இருந்தாலும் சென்னா தொடரணும். 72 மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், ஒட்டுன தேதியும் மணியும் மேலயே பேனாவுல எழுதிடுவேன், பேட்ச் மேல வெந்நீர் ஒத்தடம் குடுக்கக் கூடாது, சூட்டுல மருந்து வேகமா உள்ள போயிடும், கழட்டுனத ஒட்டுற பக்கம் உள்ள வர்ற மாதிரி மடிச்சு பிள்ளைங்க கைக்கு எட்டாம போடணும். விலை கூட, டிரஸ்ட்ல இது கிடையாது, நாமதான் வாங்கணும், அதையும் குறை கணக்குல சேத்துக்கங்க.

போன வாரம் மிச்சம் இருந்த மார்ஃபின திருப்பி வாங்க அக்கா வந்தாங்க. கட்டில் மேலயே அட்டைய விரிச்சு ரெண்டு தடவ எண்ணினாங்க, 37, ரிஜிஸ்டர்ல எழுதி எங்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அப்பா தலகாணியில சாஞ்சிக்கிட்டு அந்த பைய பாத்துக்கிட்டே இருந்தாரு. அக்கா ஜிப்ப இழுத்து மூடும்போது, "சிஸ்டர், நம்ம ஊரு இலைய மட்டும் எடுத்துட்டு போயிராதிய"ன்னாரு.